ஸ்கேலர் புலத்தை வைத்துப் பிரபஞ்ச விரிவைக் கணிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது என்று 1998-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்ததுதான் சான்று. சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவரும் அதற்காக 2011-இல் நோபல் பரிசு பெற்றார்கள். வேகமெடுக்க வைக்கும் 'இருண்ட ஆற்றல்' எது என்ற கேள்விக்கு எளிய விடை, ஐன்ஸ்டைனின் அண்டவியல் மாறிலி: எங்கும் எப்போதும் ஒரே அளவில் இருக்கும் ஆற்றல் அடர்த்தி. இன்னொரு விடை, காலப்போக்கில் மெல்ல மாறும் ஒரு ஸ்கேலர் புலம். இந்த இரண்டாவது யோசனை சூப்பர்நோவா முடிவுகளுக்குப் பத்தாண்டு முந்தியது. பரத் ராத்ராவும் ஜேம்ஸ் பீபிள்ஸும் 1988-இல் எழுதினார்கள். அதே ஆண்டு கிறிஸ்டோஃப் வெட்டரிக்கும் தனியாக எழுதினார். 'குவின்டஸன்ஸ்' என்ற பெயர் 1998-இல்தான் ஒட்டிக்கொண்டது.

இந்தப் புலம் தரும் விரிவு வரலாற்றை நீங்களே மடிக்கணினியில் கணித்து, உண்மையான அளவீடுகளோடு ஒப்பிடும் வரை இங்கே போகப் போகிறோம். கல்லூரி அளவு வகைநுண்கணிதமும் கொஞ்சம் பைத்தானும் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரியைத் தரவுகளுக்குப் பொருத்துவது சுலபம், சந்தேகப்படும் அளவுக்குச் சுலபம். அதனால் ஒவ்வொரு படியிலும் 'இது எதைச் செய்யவே முடியாது?' என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். ஏன் என்பது படி 7-இல் தெரியும்.

படி 1: புலத்தின் ஆற்றலும் அழுத்தமும்

ஸ்கேலர் புலம் என்றால் வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு எண், திசை கிடையாது. இயற்கையில் நாம் கண்டறிந்திருக்கும் ஒரே அடிப்படை ஸ்கேலர் ஹிக்ஸ் புலம்தான் (செர்ன், 2012). நமக்கு வேண்டிய புலம் அது அல்ல. ஆனால் கணிதம் அதே குடும்பம்.

பிரபஞ்சம் முழுக்க ஒரே மதிப்பில் இருந்து காலத்தோடு மட்டும் மாறும் புலத்துக்கு:

அடர்த்தி = இயக்க ஆற்றல் + நிலை ஆற்றல்
அழுத்தம் = இயக்க ஆற்றல் − நிலை ஆற்றல்

எல்லாம் அந்தக் கழித்தல் குறியில்தான் இருக்கிறது. அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை டபிள்யூ என்பார்கள். புலம் அசையாமல் நின்றால் டபிள்யூ = −1, அதாவது அண்டவியல் மாறிலியேதான். வேகமாக ஓடி நிலை ஆற்றல் ஒரு பொருட்டே இல்லை என்றானால் +1. பிரபஞ்சம் மொத்தத்துக்கும் சேர்த்து இந்த எண் −1/3-க்குக் கீழே போனால் விரிவு வேகமெடுக்கும்.

இயக்க ஆற்றல் என்பது வேகத்தின் வர்க்கத்தில் பாதி. அது எதிர்மம் ஆகாது. ஆகவே நிலை ஆற்றல் நேர்மமாக இருக்கும்வரை டபிள்யூ ஒருபோதும் −1-க்குக் கீழே இறங்க முடியாது. இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தாலும் தப்பில்லை.

படி 2: இரண்டு சமன்பாடுகள்

முதலாவது, அலெக்சாண்டர் ஃப்ரீட்மன் 1922-இல் எழுதியது. ஈர்ப்பு மாறிலி, ஒளிவேகம் எல்லாவற்றையும் அலகுக்குள் அடக்கிவிட்டால்:

3 × ஹ² = பொருளின் அடர்த்தி + புலத்தின் அடர்த்தி

இங்கே 'ஹ' என்பது ஹபிள் வீதம், அதாவது பிரபஞ்சம் விரியும் வீதம். தட்டையான பிரபஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டாவது, புலம் எப்படி நகர்கிறது என்பது:

புலத்தின் முடுக்கம் + 3 × ஹ × புலத்தின் வேகம் + நிலை ஆற்றலின் சாய்வு = 0

நடுவில் உள்ள உறுப்பு ஓர் உராய்வு. விளக்கெண்ணெய்க்குள் சரிவில் விட்ட கோலிக்குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கெட்டியாக இருக்கும்வரை குண்டு இருந்த இடத்திலேயே நிற்கும். நீர்த்துப்போனதும் உருளத் தொடங்கும். பிரபஞ்சம் இளமையாக இருந்தபோது ஹ மிகப் பெரிது, அதனால் புலம் உறைந்து கிடந்தது. ஹ குறையக் குறைய அது விழித்துக்கொள்கிறது.

எப்போது விழிக்கும் என்பதைப் புலத்தின் நிறை தீர்மானிக்கிறது. இன்றைய ஹபிள் வீதத்தை ஆற்றலாக எழுதினால் 10⁻³³ எலக்ட்ரான் வோல்ட் அளவில் வரும். புலத்தின் நிறையும் ஏறக்குறைய அவ்வளவு இருந்தால்தான் அது நம் காலத்தில் மெல்ல உருளும். அதைவிடக் கனமாக இருந்தால் எப்போதோ அடிமட்டத்துக்கு வந்து, அங்கே ஆடிக்கொண்டு சாதாரணப் பொருள்போல நடந்துகொள்ளும். மிக இலேசாக இருந்தால் இன்னும் நகர்ந்தே இருக்காது; மாறிலியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. ஹிக்ஸ் துகளின் நிறை 125 கிகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 10¹¹ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல். இவ்வளவு இலேசான புலத்தைக் குவாண்டம் திருத்தங்கள் ஏன் கனமாக்கவில்லை என்பதற்கு நல்ல விடை இல்லை. தவிர, வெற்றிடத்தின் ஆற்றல் ஏன் இவ்வளவு சிறிது என்ற பழைய புதிரை இந்தப் புலம் தீர்ப்பதும் இல்லை. அது சுழி என்று வைத்துக்கொண்டுதான் கதையே தொடங்குகிறது. புலத்தை விற்கும் கட்டுரைகள் பல இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகின்றன.

படி 3: நிலை ஆற்றலின் வடிவம்

எந்த வளைவில் புலம் உருளப்போகிறது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ராத்ரா–பீபிள்ஸ் வடிவம் புலத்தின் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். அதன் கவர்ச்சி, எங்கே தொடங்கினாலும் ஒரே பாதையில் வந்து சேர்வது. ஆக்சியான் வகைக் கொசைன் வளைவு இன்னொன்று. அதில் புலம் உச்சிக்கு அருகே நின்று, பிறகு வழுக்கும். ராபர்ட் கால்டுவெல்லும் எரிக் லிண்டரும் 2005-இல் இவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள்: உறைந்திருந்து இப்போது உருகுபவை, உருண்டுவந்து இப்போது உறைபவை. உருகுபவற்றில் டபிள்யூ −1-இலிருந்து மேலே விலகும். உறைபவற்றில் −1-ஐ நோக்கி இறங்கும்.

நாம் அடுக்குக்குறி வளைவை எடுத்துக்கொள்வோம்: நிலை ஆற்றல் = மாறிலி × இ-யின் (e = 2.718…) அடுக்கு (−ச × புலம்). 'ச' என்பது சரிவெண். இதை எடுப்பதற்குக் காரணம் முழுக்கச் சோம்பல்தான். ஒரே ஓர் அளபுரு, சமன்பாடுகள் தாமாகவே மூடிக்கொள்ளும், சரிபார்க்கத் துல்லியமான விடைகளும் தயாராக இருக்கின்றன.

படி 4: அலகில்லாத மாறிகள்

நேரடியாக நொடிகளிலும் எலக்ட்ரான் வோல்ட்டிலும் கணிக்கப் போனால் எண்கள் கணினியின் எல்லையைத் தாண்டிவிடும். எட்மண்ட் கோப்லண்ட், ஆண்ட்ரூ லிடில், டேவிட் வாண்ட்ஸ் மூவரும் 1998-இல் காட்டிய வழி நேர்த்தியானது. காலத்துக்குப் பதில், பிரபஞ்சத்தின் அளவுக் காரணியின் (இன்றைய அளவை 1 என்று வைத்து அளந்த அளவு) இயல் மடக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த 'மடக்கைக் காலம்' இன்று 0. கடந்தகாலத்தில் எதிர்ம எண். பிறகு இரண்டு மாறிகள்:

க = மொத்த அடர்த்தியில் புலத்தின் இயக்க ஆற்றல் பங்கு, அதன் வர்க்கமூலம்
ந = மொத்த அடர்த்தியில் புலத்தின் நிலை ஆற்றல் பங்கு, அதன் வர்க்கமூலம்

புலத்தின் மொத்தப் பங்கு க² + ந². மிச்சம் பொருளுடையது. டபிள்யூ = (க² − ந²) ÷ (க² + ந²). 'க' மட்டும் புலம் நகரும் திசைக்கேற்பக் குறி மாறலாம். இப்போது படி 2-இன் சமன்பாடுகள் இப்படிச் சுருங்கும்:

க′ = −3க + 1.2247 × ச × ந² + 1.5 × க × (1 + க² − ந²)
ந′ = −1.2247 × ச × க × ந + 1.5 × ந × (1 + க² − ந²)

1.2247 என்பது 6-இன் வர்க்கமூலத்தில் பாதி. மேற்கோடு, மடக்கைக் காலத்தைப் பொறுத்த மாறுவீதம். இவ்வளவுதான். பத்து வரிப் பைத்தானில் அடங்கிவிடும்.

படி 5: தொடக்கமும் திருகலும்

மடக்கைக் காலம் −5-இல் தொடங்குங்கள். அப்போது பிரபஞ்சம் இன்றைவிட 148 மடங்கு சிறியது. கதிர்வீச்சு பொருளில் 4 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தது, அதனால் இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆதிப் பிரபஞ்சத்தின் எஞ்சிய ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணி வெளிப்பட்ட காலம்வரை பின்னோக்கிப் போக வேண்டுமானால் கதிர்வீச்சுக்கு மூன்றாவது மாறி கட்டாயம் வேண்டும்.

க = 0 என்று வையுங்கள்; புலம் உறைந்திருக்கிறது. ந-வின் தொடக்க மதிப்புதான் திருகும் பொத்தான். மடக்கைக் காலம் 0-ஐத் தொடும்போது க² + ந² = 0.7 வர வேண்டும். சரிவெண் 1 என்றால் ந-வின் தொடக்கம் 0.0009-க்கும் 0.001-க்கும் நடுவே எங்கோ அமையும். இருகூறிடும் முறையில் தேடினால் சில நொடி வேலை. பைத்தானின் சைபை நூலகத்தில் உள்ள வழக்கமான தீர்ப்பி போதும், ஆனால் துல்லிய வரம்பை அதன் இயல்பு மதிப்பில் விட்டுவிடாதீர்கள். ந² ஒரு மில்லியனில் ஒரு பங்கு அளவில் தொடங்குவதால் தளர்ந்த வரம்பு முதல் கட்டத்திலேயே பிழையைக் கொண்டுவந்து சேர்க்கும். 10⁻¹⁰ அளவுக்கு இறுக்குங்கள்.

இந்தத் திருகல் வேலையில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. தொடக்கத்தில் புலத்தின் பங்கு இவ்வளவு துல்லியமாக ஏன் அமைந்தது என்று யாராவது கேட்டால், 'இன்று 70 சதவீதம் வர வேண்டுமே' என்பதுதான் பதில். அண்டவியல் மாறிலியின்மீது வைக்கப்படும் அதே குற்றச்சாட்டு, உருகும் புலத்தின்மீதும் அப்படியே விழுகிறது.

படி 6: சரிபார்ப்பு

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். தயவுசெய்து வேண்டாம்.

சரிவெண் 0 கொடுங்கள். டபிள்யூ கடைசி இலக்கம்வரை −1 ஆக இருக்க வேண்டும்.

சரிவெண் 1 கொடுத்து, இன்று என்ற இடத்தில் நிறுத்தாமல் எதிர்காலத்துக்குள் மடக்கைக் காலம் 10 வரை ஓட்டுங்கள். டபிள்யூ −0.667-இல் போய் நிலைக்க வேண்டும். பொது விதி −1 + ச²/3. ச² 3-க்குக் குறைவாக இருக்கும்வரை இது பொருந்தும். ச² 2-க்குக் குறைவாக இருந்தால்தான் அந்த இறுதி நிலையில் விரிவு வேகமெடுத்துக்கொண்டே இருக்கும்.

சரிவெண் 2 கொடுத்துப் பாருங்கள். புலத்தின் பங்கு 0.75-இல் நிற்கும், ஆனால் டபிள்யூ 0. நான்கில் மூன்று பங்கு புலம் இருந்தும் வேகமெடுப்பு இல்லை. அது பொருளின் பின்னால் நிழலாகப் போகிறது. புலத்தின் பங்கு 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டதே என்று பார்த்து மாதிரி வேலைசெய்கிறது என முடிவுகட்டினால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். டபிள்யூவையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, உருகும் புலங்களுக்கு ராபர்ட் ஷெரரும் அஞ்சன் சென்னும் 2008-இல் தந்த தோராயச் சூத்திரம் இருக்கிறது. அதன்படி புலத்தின் பங்கு இன்று 0.7 என்றால், சரிவெண் 0.5-க்கு இன்றைய டபிள்யூ −0.96, சரிவெண் 1-க்கு −0.85 அளவில் வரும். உங்கள் எண்ணும் அதை ஒட்டியே வர வேண்டும்.

அப்புறம் தொலைவுகள். ஹபிள் வீதத்தின் வரலாறு இப்போது ஒரே வரியில் கிடைக்கும்: (ஹ ÷ இன்றைய ஹ)² = 0.3 ÷ (அளவுக் காரணியின் மும்மடி × (1 − க² − ந²)). ஒளிவேகத்தை ஹ-வால் வகுத்துச் செம்பெயர்ச்சிமீது (விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்ட விகிதம்: 1 ÷ அளவுக் காரணி − 1) தொகையிட்டால் தொலைவு வரும். சரிவெண் 0, இன்றைய ஹ 70 (ஒரு மெகாபார்செக்குக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர்) என்றால் செம்பெயர்ச்சி 1-இல் உள்ள பொருளுக்குச் சுமார் 3,304 மெகாபார்செக் (ஒன்று ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டு) வர வேண்டும். சரிவெண் 1 ஆனதும் அது 2 சதவீதம் அளவுக்குக் குறையும். சூப்பர்நோவா மொழியில் இது 0.05 ஒளியளவு (பிரகாசத்தை அளக்கும் மடக்கை அலகு). ஒரு தனிச் சூப்பர்நோவாவின் இயல்பான சிதறலே 0.1-க்கு மேல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களை ஏன் சேகரிக்கிறார்கள், ஒளியளவின் அளவுதிருத்தத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை போடுகிறார்கள் என்பது இந்த ஓர் எண்ணிலிருந்தே புரிந்துவிடும். போதாததற்குச் சூப்பர்நோவாவின் உள்ளார்ந்த பிரகாசமும் தனியாகத் தெரியாது. எனவே வளைவின் வடிவம் மட்டும்தான் உதவும், உயரம் உதவாது.

இந்த 2 சதவீதம் இன்னொரு கணக்கையும் கெடுக்கிறது. நுண்ணலைப் பின்னணி வரையிலான தொலைவைப் பிளாங்க் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட ஆணியடித்து வைத்துவிட்டது. புலம் தொலைவைக் குறைத்தால், அதை ஈடுகட்ட இன்றைய ஹ-வைக் குறைக்க வேண்டும். பிளாங்க் தரும் மதிப்பு 67.4, பிரகாசம் கூடிக்குறையும் செஃபீட் விண்மீன்கள் வழியே ரீஸ் குழு அளந்தது 73. ஹ-வைக் குறைத்தால் இடைவெளி இன்னும் அகலும். 'ஹபிள் இழுபறி' எனப்படும் இந்த இடைவெளியைக் குவின்டஸன்ஸ் தீர்த்துவிடும் என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள். அதற்காக முன்மொழியப்படுவது வேறொரு புலம்: செம்பெயர்ச்சி 3,500 அருகே சில காலம் தலைகாட்டிவிட்டு மறையும் ஆரம்பகால இருண்ட ஆற்றல்.

படி 7: கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

இதுவரை வளைவைத் தேர்ந்தெடுத்து விரிவைக் கணித்தோம். இப்போது விரிவு தெரியும் என்று வைத்துக்கொண்டு வளைவைத் தேடுவோம். படி 2-இன் சமன்பாடுகளை மாற்றி அடுக்கினால்:

புல வேகத்தின் வர்க்கம் = −2 × (ஹ மாறும் வீதம்) − பொருளின் அடர்த்தி
நிலை ஆற்றல் = 3 × ஹ² + (ஹ மாறும் வீதம்) − பொருளின் அடர்த்தியில் பாதி

இதன் பொருள் கொஞ்சம் அதிர்ச்சியானது. நீங்கள் எந்த விரிவு வரலாற்றைக் கொடுத்தாலும், அதற்குப் பொருந்தும் வளைவை இந்த இரண்டு வரிகள் தயாரித்துக் கொடுத்துவிடும். அலெக்சி ஸ்டாரோபின்ஸ்கி 1998-இலேயே இந்த மீட்டெடுப்பைச் செய்து காட்டினார். புனேயின் அயுகா மையத்தில் இருந்த தாணு பத்மநாபன் 2002-இல் இதையே ஒரு எச்சரிக்கையாக முன்வைத்தார்: வளைவைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் முழுதாக இருக்கும்போது, பொருந்துவது ஒரு சாதனை ஆகாது. என் கருத்தும் அதுதான். 'எங்கள் மாதிரி தரவுக்குப் பொருந்துகிறது' என்று மட்டும் முடியும் ஆய்வுக்கட்டுரைகள் இந்தத் துறையில் ஏராளம், அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

அப்படியானால் எதைச் சோதிப்பது? முதல் வரியைப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு வர்க்கம். வலப்பக்கம் எங்காவது எதிர்மம் ஆனால், எந்த வளைவாலும் அந்த விரிவைத் தர முடியாது. படி 1-இல் எழுதி ஒட்டச் சொன்ன அதே தடை, இப்போது அளக்கக்கூடிய ஹ-வின் மொழியில் இருக்கிறது. எச்சரிக்கை ஒன்று: பொருளின் அடர்த்தியைத் தனியாக அறியாவிட்டால் இந்தச் சோதனை வழுக்கும். 0.3-க்குப் பதில் 0.28 போட்டால் எதிர்மம் நேர்மம் ஆகிவிடலாம்.

படி 8: டெசி தரவோடு ஒப்பிடுங்கள்

அரிசோனாவின் கிட் பீக் மலையில் 4 மீட்டர் மாயல் தொலைநோக்கியில் டெசி கருவி இருக்கிறது. 5,000 ஒளியிழைகளை ரோபோக்கள் ஒவ்வொரு விண்மீன் திரளுக்கும் நேராகத் திருப்பும். ஆதிப் பிரபஞ்சத்தின் ஒலியலைகள் விட்டுச்சென்ற சுமார் 147 மெகாபார்செக் நீள அளவுகோலை, 1.4 கோடிக்கும் மேற்பட்ட திரள்கள், குவாசார்களின் பரவலில் தேடி அளந்து 2025 மார்ச்சில் முடிவுகளை வெளியிட்டார்கள்.

டபிள்யூவை அவர்கள் ஒரு நேர்கோடாக எடுத்துக்கொள்கிறார்கள்: இன்றைய மதிப்பு + மாறும் அளவு × (1 − அளவுக் காரணி). டெசி, நுண்ணலைப் பின்னணி, டார்க் எனர்ஜி சர்வே சூப்பர்நோவாக்கள் மூன்றையும் சேர்த்தால் இன்றைய மதிப்பு −0.75, மாறும் அளவு −0.86. மாறிலியிலிருந்து 4.2 சிக்மா (அளவீட்டுப் பிழையின் அலகு) விலகல். பாந்தியன் பிளஸ் சூப்பர்நோவாத் தொகுப்பை வைத்தால் −0.84, −0.62, விலகல் 2.8 சிக்மாதான். சூப்பர்நோவாத் தொகுப்பு மாறினால் முடிவின் பலம் இவ்வளவு மாறுவது எனக்கு உறுத்துகிறது. படி 6-இன் அந்த 0.05 ஒளியளவை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இப்போது நம் கேள்வி. முதல் ஜோடி எண்களை நேர்கோட்டில் போட்டால் டபிள்யூ எப்போது −1? 0.25-ஐ 0.86-ஆல் வகுத்தால் 0.29; அளவுக் காரணி 0.71, செம்பெயர்ச்சி ஏறத்தாழ 0.4. அதற்கு முந்தைய காலம் முழுவதிலும் டபிள்யூ −1-க்குக் கீழே இருக்கிறது. அதாவது புல வேகத்தின் வர்க்கம் எதிர்மம். நாம் கட்டிய மாதிரிக்கு அது தடைசெய்யப்பட்ட பகுதி.

அவசரப்பட்டு மாதிரியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நேர்கோடு என்பது ஆய்வாளர்கள் திணித்த வடிவம். உருகும் புலத்தின் உண்மையான டபிள்யூ நெடுங்காலம் −1-இல் ஒட்டிக்கிடந்து கடைசியில்தான் வளைந்து ஏறும். அந்த வளைவுக்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்தினால், அது கடந்தகாலத்தில் தானாகவே −1-க்குக் கீழே நீளும். லிண்டரின் கணக்குப்படி உருகும் புலங்களுக்கு மாறும் அளவு ஏறத்தாழ −1.58 × (1 + இன்றைய மதிப்பு). நம் எண்ணைப் போட்டால் −0.39 வருகிறது, தரவு கேட்பது −0.86. பாந்தியன் பிளஸுக்கு −0.25 வருகிறது, தரவு கேட்பது −0.62. திசை சரி, அளவு போதவில்லை. ஆக, ஒற்றைப் புலம் மாறிலியைவிட மேலாகப் பொருந்தலாம், ஆனால் தரவு இழுக்கும் இடம்வரை அதனால் போக முடியாது.

ஆகவே இந்த ஒப்பீட்டை நேர்கோட்டின் வழியே செய்யாமல், உங்கள் நிரலின் தொலைவுகளை டெசியின் அளவீடுகளோடு நேரடியாக ஒப்பிடுங்கள். சரிவெண், பொருளின் பங்கு, இன்றைய ஹ மூன்றையும் ஒருசேர மாற்றி, எச்சங்களை (அளவீட்டுக்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசங்களை) செம்பெயர்ச்சி வாரியாக வரையுங்கள். நேர்கோட்டு மாதிரி எந்தச் செம்பெயர்ச்சியில் ஜெயிக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தால் அந்த அளவீட்டைச் சந்தேகிக்கலாம். பரவலாக ஜெயித்தால் மாதிரியைச் சந்தேகிக்க வேண்டும்.

படி 9: தடையைத் தாண்ட நினைத்தால்

இயக்க ஆற்றலின் குறியையே மாற்றிய 'ஃபான்டம்' புலம் ஒரு வழி. டபிள்யூ −1-க்குக் கீழே போகும், ஆனால் ஆற்றலுக்கு அடிமட்டமே இல்லாததால் வெற்றிடம் நிலைகுலையும். அதோடு அது எப்போதும் கீழேயே இருக்கும்; கோட்டைக் கடக்காது. கடக்க வேண்டுமானால் இரண்டு புலங்கள் வேண்டும், அல்லது புலம் இருண்ட பொருளோடு ஆற்றலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும், அல்லது ஈர்ப்போடு நேரடியாகப் பிணைந்திருக்க வேண்டும். பிணைப்பு வந்தால் விரிவு மட்டுமின்றித் திரள்கள் கூடி வளரும் வேகமும் மாறும். ஐந்தாவது விசை ஒன்று தலைதூக்கும், சூரியக் குடும்பத்துக்குள் அது ஏன் தெரியவில்லை என்றும் பதில் சொல்ல வேண்டிவரும்.

நம் எளிய நிரல் இங்கே போதாது. புலத்தின் சிறு ஏற்ற இறக்கங்களையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். அதற்குக் கிளாஸ் என்ற திறந்த மூல நிரலில் ஸ்கேலர் புலத்துக்கான பகுதி ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அதிலும் சரிவெண் 1-ஐக் கொடுத்து, உங்கள் பத்து வரி நிரலின் டபிள்யூவோடு ஒப்பிட்டுவிட்டு மேலே போங்கள். 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்கலம் விரிவையும் கட்டமைப்பு வளர்ச்சியையும் சேர்த்தே அளக்கிறது. பிணைப்புள்ள மாதிரிகளைப் பிணைப்பில்லாதவற்றிலிருந்து பிரிக்கப் போவது அந்த இரண்டாவது அளவீடுதான்.